இரண்டு வாசலுக்குப் போகும் சாமான்

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்குப் பெயர் சணல் மேஸ்திரி. தோளில் எந்நேரமும் ஒரு சணல் கண்டு தொங்கும், அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

பேச்சில் மனிதர் மகா கஞ்சன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். ஆனால் வேலையில் அவர் கையைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குவளைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினாரென்றால், குண்டும் குழியுமான சாலையில் வண்டி எகிறிக் குதித்தாலும் பெட்டிக்குள் ஒரு சத்தம் கேட்காது. சமையலறையைக் கடைசியாகத்தான் கட்டுவார். கடைசியில் ஏறுவதுதானே முதலில் இறங்கும்! புது வீட்டில் கால் வைத்ததும் அந்த ஜனங்கள் ஒரு வாய் டீ போட்டுக் குடிக்கட்டும் என்பது அவர் கணக்கு.

முதலாளிக்கு அரைகுறை இங்கிலீஷ். ஒரு வீட்டுச் சாமான் ஒரே வீட்டுக்குப் போனால் அது ஷிஃப்டிங். இரண்டு வாசலுக்குப் போனால் பார்ட்டிங். அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது, மகன் தனிக்குடித்தனம் போவது, செத்தவரின் அறையைப் பிள்ளைகள் காலி செய்வது, புருஷன் பெண்டாட்டி பிரிவது என்று எல்லாமே அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். இதைக் கேட்டு, வீடு காலி செய்துகொண்டிருந்த ஒரு கல்லூரி வாத்தியார் ஒருமுறை சிரித்துவிட்டார்.

"அது வழியனுப்பும்போது சொல்ற வார்த்தைப்பா. பிரியறதுக்கும் அதுதான். தலையில வகிடு எடுக்கறதுக்கும் அதுதான். ஒரு காலத்துல சாவுக்குக்கூட அதைச் சொல்லியிருக்காங்க."

"வகிட்டைத் தவிர மத்ததெல்லாம் நம்ம வண்டியிலதான் சார் ஏறுது" என்றார் மேஸ்திரி. அந்த மாதத்துப் பேச்சு அத்தோடு தீர்ந்துபோயிற்று.

பார்ட்டிங் வேலைக்கென்றே அவரிடம் ஒரு முறை உண்டு. போகிற சாமானுக்குச் சணல் கட்டுவார். இருக்கிற சாமானைத் தொடமாட்டார். வண்டி நிறைந்ததும் அவர் மட்டும் தனியாக வீட்டுக்குள் ஒரு கடைசிச் சுற்றுப் போவார். அலமாரியின் மேல்தட்டைக் கையால் தடவுவார். குளியலறைக் கதவின் பின்புறக் கொக்கியைப் பார்ப்பார், ஜன்னல் விளிம்பைப் பார்ப்பார். அவர் காலி செய்த வீட்டுக்கு, மறந்ததை எடுக்க என்று யாரும் திரும்பி வந்ததில்லை. முதலாளிக்கு அதில் ஏகப் பெருமை.

இப்படிப்பட்டவரிடம் அவர் மனைவி ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்.

"நான் அக்கா வீட்டு மாடிக்குப் போறேங்க."

"எத்தனை நாளைக்கு?"

"போயிடறேன்னு சொல்றேன்."

அந்தம்மா ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பகலெல்லாம் ஊரார் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பேச ஒரு ஆள் வேண்டும். பிள்ளைகுட்டி இல்லை. இருந்த ஒரே ஆள் இந்தச் சுவர்.

"உங்க மேல கோவமெல்லாம் இல்ல. அடிச்சீங்களா, குடிச்சீங்களா, ஒண்ணும் கிடையாது. ஆனா உங்களோட இருந்தாலும் நான் தனியாத்தான் இருக்கேன். அதுக்குத் தனியாவே இருந்துட்டுப் போறேன்."

போகாதே என்ற சொல் மேஸ்திரியின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஐயோ, அந்த ஒரு சொல் போதும். அதைக் கேட்கத்தான் அந்தம்மா ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். ஆனால் வெளியே வந்தது வேறு.

"வேற ஆளுங்க கட்டினா உடைச்சிடுவாங்க. நானே கட்டறேன்."

மண்டு என்பதா, மரம் என்பதா! அந்தம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "சரி, நீங்களே கட்டுங்க" என்றார்.

நானே கட்டறேன் என்று சொன்னதிலும் மேஸ்திரிக்கு ஒரு நப்பாசை இருந்தது. ஒரு பகல் முழுக்கக் கூடவே இருக்கப் போகிறோம், ஒவ்வொரு பாத்திரமாக எடுக்கும்போது மனசு மாறினாலும் மாறும். பார்ட்டிங் வேலையில் அப்படி மாறியவர்களை அவர் பார்த்திருக்கிறார். பாதி ஏற்றிய வண்டியிலிருந்து சாமானை இறக்கிக் கொடுத்திருக்கிறார்.

அந்த நாள் காலையில் டிரைவர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அவரை ஓரமாக இழுத்தான். நெடுநாள் கூட்டாளி, எதையும் உடைத்துப் பேசுகிறவன்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாளாவது வேலையைக் கொஞ்சம் மோசமா செய்யுங்க. அண்ணி சாமான் ஏதாவது ஒண்ணை மறந்த மாதிரி விட்டுடுங்க. எடுக்க வருவாங்கல்ல? வந்தா உக்காருவாங்க. அப்பவாவது வாயைத் திறங்க."

மேஸ்திரிக்கு அது மனதில் தைத்தது. இஸ்திரிப்பெட்டியை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அந்தம்மாவுக்குத் தினமும் வேண்டிய சாமான். இரண்டு நாளில் தேடிக்கொண்டு வந்துதான் ஆக வேண்டும்.

வேலை தொடங்கியது. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி "இது?" என்பார். அந்தம்மா "போகட்டும்" என்பார், அல்லது "இருக்கட்டும்" என்பார். கல்யாணப் படத்தின் முன்னால் மட்டும் இரண்டு பேரும் தயங்கினார்கள்.

"இது?"

"உங்க இஷ்டம்."

தன் இஷ்டம் என்ன என்பதை மேஸ்திரி அன்றும் சொல்லவில்லை. படம் சுவரிலேயே இருந்தது.

மதியத்துக்குள் அவர் கை சூடு பிடித்துவிட்டது. கை சூடு பிடித்தால் அவருக்கு வீடு யாருடையது என்பதெல்லாம் மறந்துபோகும். மூலைக்கு மூலை அட்டை வைத்து, சணலை இழுத்து முடிச்சுப் போட்டு, பெட்டிகளை வரிசையாக வாசலுக்கு நகர்த்தினார். அந்தம்மா டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "நின்னுதான் குடிக்கணுமா? கொஞ்சம் உக்காருங்க" என்றார். அவர் நின்றபடியே ஒரே மடக்கில் குடித்து, குவளையைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றும்போதுதான் இடுக்கில் இஸ்திரிப்பெட்டியின் வயர் தெரிந்தது. வயரை அழகாகச் சுருட்டி, கைப்பிடியில் துணி சுற்றிக் கட்டியிருந்தது. எப்போது கட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்தம்மா டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டது. மேஸ்திரி வீட்டுக்குள் போனார். அழுவதற்காகப் போயிருந்தால் எவ்வளவோ தேவலை. கடைசிச் சுற்றுப் போனார்!

சமையலறை ஜன்னல் விளிம்பில் அந்தம்மாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அதைக் கண்டதும் அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். வண்டி முனை திரும்பப் போன நேரம். கையை ஆட்டி, பின்பலகையைத் தட்டி நிறுத்தி, மூச்சிரைக்க ஜன்னல் வழியாக நீட்டினார்.

அந்தம்மா உடனே வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இதையும் கொண்டுவந்துட்டீங்களா?"

"ம்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல, நல்லா பாத்துட்டேன்" என்றார் மேஸ்திரி. அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சாயங்காலம் டிரைவர் வந்தான். வழக்கமாக வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருகிறவன், அன்று உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். அண்ணி வழியெல்லாம் வாயே திறக்கல. இறங்கும்போது நான்தான் கேட்டேன். கண்ணாடி இல்லாம ஒரு எழுத்து படிக்க முடியாதே, அதைப் போய் மறக்கலாமா அண்ணின்னு. 'மறக்கல தம்பி, வச்சுட்டுத்தான் வந்தேன்'னாங்க."

மேஸ்திரி சணல் கண்டைக் கீழே வைத்தார்.

"வேற என்ன சொன்னா?"

"'அவரே ஓடிவந்து குடுத்துட்டாரு, அப்புறம் என்ன'ன்னாங்க. அவ்வளவுதான்."

டிரைவர் போனை எடுத்து, எண்ணைப் போட்டு, அவர் கையில் திணித்துவிட்டு எழுந்து வெளியே போனான். மணி அடித்தது. அந்தம்மா எடுத்தார்.

"சொல்லுங்க."

வா என்று சொல்லலாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். நீ இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். மேஸ்திரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்தான் வரவில்லை. அந்தப் பக்கம் அந்தம்மா காத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது விட்டுப் போச்சா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"இல்லைங்க. எல்லாத்தையும் கட்டி அனுப்பிட்டீங்க."

போன் வைக்கப்பட்டது. அந்தம்மா பிறகு அந்த வீட்டுக்கு வரவே இல்லை. வந்து கேட்பதற்கு அங்கே அவருடையது என்று எதுவும் இல்லை.