கேரென்சாவின் ஆக்கள்

வோபர்ன் தமிழ்ச் சனத்தில் யாருடைய பிள்ளைக்குச் சம்பந்தம் பேசினாலும் முதல் போன் இராசரத்தினத்துக்குத்தான் வரும். மாப்பிள்ளையின் தகப்பன்வழி, தாய்வழி, பெரியப்பா கொழும்பில் யாரோடு இருந்தார் என்பது வரை மூன்றே அழைப்பில் கறந்துவிடுவார். அவர் புண்ணியத்தில் குழம்பிய கலியாணங்கள் பதினொன்று.

இப்போது சொந்தப் பேத்திக்கே விசாரணை தேவைப்பட்டது. புனர்பூசத்தில் பிறந்தவளுக்குப் பேர் ‘கே’யில் தொடங்க வேண்டும். பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கும் மகன் சுலக்சன் இன்டர்நெட்டில் துழாவி ‘கேரென்சா’வைப் பிடித்து வந்தான்.

“இங்கிலாந்தின்ர தென்மேற்கு மூலையில கோர்ன்வால் எண்டு ஒரு இடம் அப்பா. அவையின்ர பாஷையில அன்பு எண்டு மீனிங். ஸோ கியூட்!”

“கருத்தை ஆர் கேட்டது? ஆக்கள் எப்பிடி?”

பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு இன்னும் இரண்டு நாள். அன்று பேரைச் சபையில் சொல்ல வேண்டும். இராசரத்தினம் ஐபாட்டோடு குந்தினார்.

சொல்லின் பூர்வீகம் மோசமில்லை. அன்பு செய்தலைக் குறிக்கும் பழைய கெல்டிக் வேர். பிரான்ஸ் கரையில் ‘கரன்டெஸ்’ என்று ஒரு சகோதரம். லத்தீனில் ‘காருஸ்’, அருமையானவர். அந்தக் கிளையில்தான் சாரிட்டி.

“தருமம் செய்யிற குடும்பமப்பா,” என்று மனைவி பேபிக்கு அறிவித்தார். பேபி உடனே யூனியன்வில்லில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் போடப் போனார்.

வேறொருவர் அங்கேயே நிறுத்தியிருப்பார். இவருக்கு ஒன்றுவிட்ட சொந்தங்களையும் கிளறாவிட்டால் சோறு இறங்காது. கிளறினார். அதே வேரின் ஜெர்மானியக் கிளையில் ஒரு மச்சாள் நின்றாள்: வேசி என்று ஏசுவதற்கான இங்கிலீஷ் கெட்ட வார்த்தை. அன்பானவள் என்றுதான் அவளும் புறப்பட்டிருக்கிறாள். வழியில் என்ன நடந்ததோ. வேறு இரண்டு அகராதிகளைப் பார்த்தார். அவையும் அதையே சொல்லின.

ஒரு சித்தப்பாவின் குடிக்காகக் கலியாணத்தையே நிறுத்திய மனிதர் அவர். இதை வெளியில் விட்டால் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் சனத்துக்கு அந்த மச்சாள்தான் ஞாபகத்துக்கு வருவாள். மகனுக்கு அழைத்தார்.

“தம்பி, வேற பேர் பாப்பமே? கேசினி, கேதாரணி...”

“ஏனப்பா, என்ன பிரச்சினை?”

“ஒண்டுமில்லை... தூரத்துச் சொந்தம் ஒண்டு கொஞ்சம்...”

“சொல்லுக்குச் சொந்தமோ? கம் ஓன் அப்பா! நேற்றே ஒன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணியாச்சு.”

வைத்துவிட்டுத் திரும்பினால் பேபி போனும் கையுமாக நிற்கிறார்.

“இவர் அடிமுடியெல்லாம் விசாரிச்சுப் போட்டாரடி. சுத்தமான ஆக்களாம். நீயே கேள்.” ஸ்பீக்கரைப் போட்டு அவர் வாயடியில் நீட்டினார்.

“உண்மையோ அத்தான்?”

இராசரத்தினம் ஐபாட்டைக் குப்புற வைத்தார்.

“ஓம் பிள்ளை.”