எதிரொலி மட்டும் வந்த மதியம்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நான் என் மகளின் மடிக்கணினியைத் துண்டால் துடைத்தேன். நேரம் திரையின் மூலையில் இருந்தது. அடுத்த இரண்டு மணி நேரமும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் குப்பத்தில் எல்லாவற்றையும் துடைப்போம். டிவி, சைக்கிள், சுவிட்ச் பெட்டி, எதில் பார்த்தாலும் உப்புக் காற்று பிசுபிசுவென்று படிந்திருக்கும். விட்டால் துருதான். மீஞ்சூரில் தொழிற்சாலைக்குப் போனால்கூட ஷிப்டு தொடங்குவதற்கு முன் என் மிஷினை ஒருமுறை துடைப்பேன். கை தானாகப் போய்விடும்.

மகள் சென்னையில் ஒலிப்பதிவுப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளே பாடி, பதிவு செய்து, கலந்து வைத்த ஒரு பாட்டை அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அதற்குள் சாதிச் சான்றிதழ் வாங்கிவர காலையில் பொன்னேரிக்குப் பஸ் ஏறினாள்.

"மூணு மணிக்குள்ள வந்துருவேன் நைனா. கடைசியா ஒரு தபா கேட்டுட்டு நானே அனுப்பறேன். நீ ஒண்ணும் தொடாத."

தொடவில்லை, துடைத்தேன். விரல் வைக்கும் இடத்தை அழுத்தித் தேய்த்தபோது திரையில் ஏதோ நகர்ந்து ஓடியது. பயந்துபோய்ப் பாட்டை ஓடவிட்டேன். என் பிள்ளையின் குரல் ஏரிக்கு அக்கரையில் நின்று பாடுவதுபோல் கேட்டது. எதிரொலி மட்டும் வந்தது, பாட்டு வரவில்லை.

செய்ததைத் திரும்பப் பெறும் விசைகளை அழுத்தினேன். ஒன்றும் மாறவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை ஏற்றி இறக்குவதை, பாட்டைக் கலக்கும் அந்த மென்பொருள் இந்த விசைகளுக்குள் சேர்ப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மகளுக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். மூன்று மணியாயிற்று, பஸ் வரவில்லை. பிள்ளையின் ஒரு வருஷத்தைத் துண்டால் துடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது என் மனைவி மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்தாள்.

"இன்னாயா, பேயறைஞ்சா மாதிரி குந்திகினு கீற?"

சொன்னேன்.

"அதையும் துடைச்சியா? என் கூடைய என்னிக்காவது துடைச்சிருக்கியா நீ?" என்றாள். கால் கழுவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "குழாய்ல தண்ணி வரலைன்னா இன்னா பண்ணுவோம்? முதல் வூட்ல வருதான்னு கேப்போம். அங்க வந்தா அடுத்த வூடு. எந்த வூட்டாண்ட நிக்குதுன்னு பாரேன்."

அவளுக்கு அந்த மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும்தான். ஆனால் அது சரியாகப் பட்டது.

முதல் வீடு, பதிவான குரல். மகள் மூன்று முறை பாடியிருந்தாள். மூன்றுக்கும் திரையில் மூன்று பட்டை, அதாவது சேனல். பாட்டை ஓடவிட்டால் ஒலியளவு காட்டும் மூன்று மீட்டரிலும் பச்சை துள்ளியது. ஃபேடர்களும் மேலேதான் இருந்தன. இதுவரை வருகிறது. அங்கிருந்து எங்கே போகிறது? ஒவ்வொரு சேனலின் அடியிலும் அது எழுதியிருந்தது. நான் நினைத்ததுபோல் எல்லாம் சேர்ந்து வெளியே வரும் மெயினுக்கு இல்லை, 'குரல்கள்' என்று அவள் பெயர் வைத்த இன்னொரு சேனலுக்கு. அதைத் திரையில் காணோம். நான் துடைத்த வேகத்தில் திரை ஒரு பக்கமாக ஓடியிருந்தது. வலப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். அதன் ஃபேடர் அடிமட்டத்தில் கிடந்தது.

அப்படியானால் எதிரொலி எப்படி வந்தது? மூன்று சேனலிலும் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அது குரலில் கொஞ்சத்தைப் பிரித்து எதிரொலிச் சேனலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து நேராக மெயினுக்கு. தெருவின் வால்வுக்கு முன்னாலேயே ஒருவன் தனியாகப் பைப் போட்டுக்கொண்ட மாதிரி. வால்வை மூடினாலும் அவன் வீட்டில் தண்ணீர் வரும் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அவன் எப்பவும் கெட்டிக்காரன்தான்" என்றாள் மனைவி.

ஃபேடர் முன்பு எந்த இடத்தில் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டை ஒரு வாரமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அக்கரையில் நின்ற குரல் வீட்டுக்குள் வந்தது. "போதும், அங்கயே விடு" என்றாள் மனைவி. அப்போது நான்கு மணி ஐந்து நிமிடம். டீ போட்டுக் குடித்தோம். இன்னொரு முறை கேட்டோம்.

நான்கு இருபத்தைந்துக்கு மகள் வந்தாள். கையில் சான்றிதழ், தலையெல்லாம் புழுதி. திருப்பாலைவனத்தில் பஸ் நின்றுவிட்டதாம், போனில் சார்ஜ் இல்லையாம். செருப்பைக் கழற்றுவதற்குள் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுப்பாட்டையும் கேட்டாள். ஒரு கை ஃபேடர் பக்கம் போய், தொடாமல் திரும்பியது.

ஹெட்போனைக் கழற்றினாள். "நான் வெச்சதவிட குரல் கொஞ்சம் முன்னால நிக்குது நைனா. நல்லாத்தான் கீது. இப்படியே அனுப்பறேன்." அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு என் தோளைப் பார்த்தாள். "அந்தத் துண்ட மட்டும் அம்மாகிட்ட குடுத்துடு."