அண்ணனுக்கு எந்தப் பக்கம் வகிடு?

போன வருடம் தைப்பூசக் கூட்டம் கலைந்து, தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் சாலை மறுபடியும் காலியான வாரத்தில் நடந்தது இது. ஜார்ஜ்டவுனில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் முடி அலங்காரக் கடை வைத்திருந்த அண்ணன், நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். செய்தி கேட்டதும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஆயர் ஈத்தாமில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் அவருடைய வாடிக்கையாளர். இப்போது என் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. கோபத்தோடு போய் உட்கார்ந்து, ஒட்ட வெட்டிவிடுங்கள் என்றால் வெட்ட மாட்டார். தலையை அலசிவிட்டு, “சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்று அனுப்பிவிடுவார். மாமியாரோடு சண்டை போட்ட நாட்களில் என் கூந்தலைக் காப்பாற்றியவர் அவர்தான்.

மனிதருக்குக் குடும்பம் என்றால் உயிர். சாயங்காலம் ஆனால் எங்கள் தலையில் சாயத்தைப் பூசிவிட்டு, “அசையாம இருங்க, வந்துடறேன்” என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஜெலுத்தோங்கில் தையல் கடையில் வேலை செய்யும் மனைவியைக் கூட்டிவரத்தான். பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு நாங்கள் வரிசையாக உட்கார்ந்து அவரைத் திட்டுவோம். ஆனால் ஒருவருக்கும் சாயம் கெட்டதில்லை, ஒருவரும் வேறு கடைக்குப் போனதும் இல்லை. மகள்கள் இருவருக்கும் சின்ன வயதில் அவர்தான் தினமும் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவாராம்.

வீட்டுக் கூடத்தில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல வாடிக்கையாளர்கள். மூத்த மகள் மெல்பர்னில் வேலை செய்கிறாள். அப்பாவை நேரில் பார்த்து இரண்டு வருடமாகியிருந்தது. அவள் விமான நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள், வந்ததும் மின்சுடலைக்குக் கொண்டுபோக ஏற்பாடு. அவள் பார்க்கும்போது அவர் எப்போதும் போல இருக்க வேண்டும் என்பதுதான் அண்ணிக்கு ஒரே கவலை. தானே சட்டையைத் தேய்த்துப் போட்டு, தலையையும் தானே வாரிவிட்டிருந்தார்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அண்ணன்தான், ஆனால் என்னவோ சரியில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. வகிடு பக்கம் மாறியிருந்தது. எனக்கோ, எங்கே போனாலும் நாலு பேருக்கு வேலை சொல்லாவிட்டால் இருப்புக்கொள்ளாது.

“அண்ணி, வகிடு மாறிப்போச்சு. அண்ணனுக்கு அந்தப் பக்கம் லா” என்றேன்.

அண்ணி குழம்பிப் போனார். “இல்லையே, சரியாத்தானே எடுத்தேன்...”

பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளரும் நான் சொன்ன பக்கம்தான் என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர், “ஆமா, கன்ஃபார்ம்” என்று முடித்தே விட்டார். அண்ணி எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சீப்பை என்னிடம் நீட்டினார். “காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவரு உங்களோடதானே இருந்தாரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

தாழ்ந்துபோன அந்தக் குரலைக் கேட்டாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஏதோ பெரிய காரியத்தைச் சரி செய்துவிட்டவள் போல வகிட்டை மாற்றி எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

மூத்தவள் வந்தாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் பெட்டியருகே வந்து நின்றாள். அழவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அம்மா, அப்பா ஏன் இப்படி இருக்காரு? வேற யாரோ மாதிரி இருக்காரும்மா” என்றாள்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “நான்தான் வகிடு தப்பா எடுத்துட்டேனாம்மா. எல்லாரும் சொன்னாங்க, மாத்திட்டோம்.”

எல்லோர் கண்ணும் என் மேல். அப்போதும் எனக்கு வாய் அடங்கவில்லை. எத்தனை வருடமாக அவரைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா என்று இழுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்வையில் கோபமே இல்லை.

“ஆன்ட்டி, கடையில உக்காந்து அப்பாவ நீங்க கண்ணாடியிலதானே பாத்திருப்பீங்க? அதுல பக்கம் மாறித்தானே தெரியும்?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உண்மைதானே. நான் கடைக்குள் நுழையும்போது அவர் யார் தலை மீதாவது குனிந்திருப்பார். பிறகு என் பின்னால் நிற்பார். பேசியது, சிரித்தது, சண்டை போட்டது எல்லாம் கண்ணாடியைப் பார்த்துத்தான். கிளம்பும்போதுகூட கண்ணாடியைப் பார்த்தே “வரேண்ணே” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டு, கட்டிய மனைவிக்கே அவரை யாரென்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மகள் சீப்பை வாங்கினாள். அவள் எடுக்க எடுக்க வகிடு கோணிக்கொண்டே போனது. அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக நெற்றியிலிருந்து நேராக ஒரு கோடு இழுத்தார்கள். எடுத்து முடித்ததும்தான் அவள் “அப்பா” என்று கத்தி அழுதாள். நானும் அழுதேன்.

யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடலாம் என்று வாசலுக்கு நகர்ந்தேன். அண்ணி விடவில்லை. என் கையைப் பிடித்து மறுபடியும் பெட்டியருகே கூட்டிப்போனார். “இப்பப் பாருங்க. வீட்டுக்கு வர்றவரு இவருதான்” என்றார்.

பார்த்தேன். எனக்குப் பழக்கமில்லாத முகம். அமைதியாக, அழகாக இருந்தார்.

இப்போதெல்லாம் துக்க வீட்டுக்குப் போனால் இறந்தவரைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை, அந்த வீட்டுக்காரர்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தனை வருடம் பழகிய அண்ணனையே ஒரே ஒரு முறைதான் நேராகப் பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனசு தாங்கவில்லை.