கேட்காமல் கொடுத்த பெயர்

ஒரு பெண் என்னை நம்பி ஒப்படைத்த பெயரை, அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தேன். எனக்கு எழுபத்தொரு வயது. படித்தவன். அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

தலைமையாசிரியராக ஓய்வு பெற்றபின், கொல்லிமலைக்காரர்கள் பேசிக்கொள்ள இணையத்தில் ஒரு விவாதக் களம் நடத்தினேன். பஸ் வராத நாள், மிளகுக்கொடி வாடல், எல்லாம் அதில் வரும். புனைபெயரில் எழுதலாம், ஆனால் சேரும்போது உண்மைப் பெயரையும் போன் எண்ணையும் என்னிடம் தர வேண்டும். அவை என்னைத் தாண்டிப் போகாது என்று முகப்பில் நானே எழுதி வைத்திருந்தேன்.

வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் சமையல் வேலை பார்த்த ஓர் அம்மா, சேருவதற்கு முன் போன் செய்தார்.

“ஏனுங்க சார், பேரு வெளிய போவாதுங்களே? இந்த வேலையிலதானுங்க எங்கூட்டு அடுப்பு எரியுது.”

“பள்ளிக்கூடத்துப் பதிவேடு மாதிரிம்மா. பூட்டியே இருக்கும்.”

“பூட்டு சரிங்க. சாவி உங்ககிட்டத்தானுங்களே இருக்குது?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மழை பெய்யும்போதெல்லாம் விடுதியின் கழிவறைத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடுகிறார்கள், கீழே இருக்கும் சனம் அதைத்தான் குடிக்கிறது என்று அவர் களத்தில் புனைபெயரில் எழுதினார். இரண்டு வாரத்தில் எனக்குப் பதிவுத் தபால் வந்தது. விடுதிக்காரரின் வக்கீல் அனுப்பியது. எழுதியவரின் விவரத்தை ஏழு நாளில் தராவிட்டால் என்மீதும் அவதூறு வழக்கு என்றது. கீழே ஊதா மையில் முத்திரை. முத்திரை வைத்த தாளுக்கு அன்றைய தபாலிலேயே பதில் போடுவது என் பணிக்கால வழக்கம். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அது வக்கீல் நோட்டீஸ்தான், நீதிமன்ற உத்தரவு அல்ல என்பதை நிதானமாகப் படித்திருந்தால் கண்டிருப்பேன். பெயர், எண், ஊர் மூன்றையும் என் அழகான கையெழுத்தில் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, வழியில் டீ குடித்தேன்.

அடுத்த வாரம் அந்த அம்மாவுக்கு வேலை போயிற்று. என் கடிதத்தையே அவரிடம் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் உட்காரவில்லை.

“அவிங்க கேட்டாங்க, நீங்க குடுத்துட்டீங்க. நடுவுல என்னையக் கேட்டிருந்தா, எழுதுனத நானே எடுத்திருப்பனுங்களே.”

அவர் குரல் உயரவில்லை. மறுநாளே மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு முதல் பஸ்ஸில் கட்டட வேலைக்கு இறங்கத் தொடங்கினார்.

பரிகாரம் தேடினேன். களத்தில் இருந்த எல்லாருடைய எண்களையும் அழித்தேன். வேறொரு விடுதியில் அவருக்குச் சமையல் வேலை பேசி முடித்தேன். பிறகு களத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்ற பிடிவாதத்தில், யாருக்குத் துரோகம் செய்தேன் என்பதையும் பெயரோடு எழுதினேன். பலர் என் நேர்மையைப் பாராட்டினார்கள். புதிய விடுதிக்காரர் போன் செய்து, “ஓடையப் பத்தி எழுதுன அம்மாவா? நமக்கு வேண்டாங்க சார்” என்றார்.

அன்று மாலையே அந்த அம்மாவும் அழைத்தார். பின்னால் கலவை எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

“இத்தன நாளா அந்த ஒரு விடுதிக்குத்தானுங்க என் பேரு தெரியும். இப்ப மலைக்கே தெரிஞ்சுபோச்சு. மன்னிப்புக் கேக்கறப்பவாச்சும் என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க.”

கடிதத்தை உடனே நீக்கினேன். அதற்குள் அது வளப்பூர் நாட்டு ஊர்கள் வரை போன் போனாகப் போய்ச் சேர்ந்திருந்தது.