அவசரமில்லை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாம் கைவிட்டுப் போனது. அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அக்கா ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கிடந்த தம்பியை அம்மா மடியில் போட்டிருந்தாள்.

சங்கரன்கோவில் பக்கமிருந்து திருவனந்தபுரம் வந்து அப்போது இரண்டு வருஷம். அப்பாவுக்குச் சாலை பஜாரில் ஓர் அரிசி மண்டியில் வேலை. நான் ஒன்றாம் வகுப்பையே மலையாளத்தில் தொடங்கியதால் எனக்குச் சிரமமில்லை. ஏழாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்த அக்காவுக்கு எழுத்தே புதிது. ஊரில் கணக்கில் முதலாவதாக வந்தவள், இங்கே கேள்வியை வாசிக்க முடியாமல் முதல் வருஷம் தோற்றாள். இந்த வருஷமும் தேறாவிட்டால் படித்தது போதும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

இந்த முறையும் தோல்விதான் என்று முடிவு வந்ததும் டீச்சர் வரச் சொன்னார். அப்பாவால் கடையை விட்டு வர முடியாது என்று அம்மா போனாள். அவளுக்குக் காய்கறி பேரம் பேசுமளவுக்குத்தான் மலையாளம். மிச்சத்தைத் தமிழாகவே கேட்டுக்கொள்வாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அக்காவுக்காக வெள்ளிக்கிழமை தனியாக ஒரு பரீட்சை வைக்கிறார்களாம், பிறகு எழுதினாலும் போதும், அவசரமில்லையாம். அக்காவுக்கும் சந்தோஷம்தான். இன்னும் சில நாள் கிடைத்தால் மலையாளக் கூட்டெழுத்துகளைப் பழகிவிடுவேன் என்றாள். அதனால்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்ததும் அவளை வீட்டில் நிறுத்திக்கொள்ள அம்மா யோசிக்கவில்லை.

டீச்சர் சொன்னது வேறு. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. வெள்ளிக்கிழமையை விட்டால் பிறகு அவசரமில்லை என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. இரண்டும் ஒரே சொல் என்று மட்டும் அதுவரை தோன்றியதில்லை.

இன்று என் மகளின் பள்ளியிலிருந்து வரும் ஆங்கிலச் செய்தி ஒவ்வொன்றையும் மூன்று தடவை படிக்கிறேன். அப்படியும் மனம் ஆறாமல் பள்ளிக்குப் போன் செய்கிறேன். “இதுல கேக்க எந்தா அம்மா இருக்கு?” என்று மகள் எரிந்து விழுகிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சரே குடையும் கையுமாக வீடு தேடி வந்தார். அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். “பின்னே அவசரமில்லான்னு ஞான் பறஞ்ஞதல்லே?”

“ஆமா டீச்சரம்மா,” என்றாள் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. “நீங்க அப்படிச் சொன்னதாலதான நாங்களும் அவசரப்படல.”

எனக்கு அப்போதுதான் அந்த வேடிக்கை பிடிபட்டது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்ற அக்கா சிரிக்கவில்லை. டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகில் போய்த் தலையைத் தொட்டு, “சாரமில்லா, மோளே” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

“பரவாயில்லையாம், அம்மா” என்று சொன்னேன்.

அம்மா நிம்மதியாகக் காபி போட உள்ளே போனாள்.