கோட்டுக்குள் இருந்த பிள்ளை

நார்வேயின் வடகோடியில் ஒரு ஓட்டலில் என் வீட்டுக்காரர் சமையல் செய்கிறார். மகன் அங்கேதான் பிறந்தான். மாமல்லபுரத்துச் சொந்தக்காரர்கள் வீடியோ காலில் அவனைப் பனிக்கோட்டோடுதான் பார்த்திருந்தார்கள். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான் என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

ஐந்து வயதில் முதல் முறையாக ஊருக்குக் கூட்டி வந்தேன். பனியனோடு நின்றவனை என் நாத்தனார் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? கோட்ட கழட்டுனா உள்ள புள்ளையவே காணோம்!"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"குளிர்ல புள்ள குறுகிப் பூட்சி. இங்கியே வுட்டுட்டுப் போ. நான் வளத்துக் காட்றேன்."

போனில் கேட்டபோது வீட்டுக்காரரும், "யோசிச்சுப் பாரேன்" என்றார்.

எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அங்கே சூரியன் வராத மாதங்களில் அவன் பேன்ட் அளவு மாறாது. தினமும் ஒரு கரண்டி மீனெண்ணெய் கொடுப்பேன். வெயில் வந்ததும் அதே பேன்ட்டில் கணுக்கால் தெரியும். அவன் வளர்ச்சி அப்படித்தான்.

"அங்க இப்பதான் வெயில் வருது அண்ணி. அவன் வளர்ற நேரம். இட்டுனு போறேன்."

"இன்னா திமிரு பாரு இவளுக்கு!"

"ஆமா, திமிருதான்."

கிளம்பும் நாளில் நாத்தனார் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டினாள்.

"புள்ளைக்கு. உனக்கில்ல."

வாங்கிக்கொண்டேன். பிள்ளையின் கையை விடாமல் காரில் ஏறினேன்.