கக்கத்துக்குள் போன செம்மஞ்சள் துணி

இது நடந்து நான்கு வருடங்கள் இருக்கும். நாங்கள் குடியிருக்கும் ஹவுன்ஸ்லோவில், கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சீக்கியர்களின் குருத்வாரா ஒன்றில், ஏறக்குறைய முந்நூறு பேருக்கு முன்னால் நடந்தது. அந்த முந்நூறு பேரில் தமிழர் என்று இருந்தது நானும் மனைவியும்தான். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அதிகம் பேசாதவன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே முகம் வியர்த்துவிடும். யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கே வந்த நாளிலிருந்து விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற வேலை. எங்கள் கத்தோலிக்க ஆலயத்தில் தமிழர்கள் ஒரு குழுவாக இருக்கிறோம். கிறிஸ்துமஸ் காலத்து ஒளிவிழா, பெருநாள் என்று ஏதாவது வைத்தால் ஆளுக்கொரு வேலை இருக்கும். என்னுடையது மேடையில் விருந்தினருக்குப் பின்னால் நிற்பது. ஒருவர் வந்து பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து முடித்ததும், நான் பின்னாலிருந்து அதைக் கழற்றி, நாலாக மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அடுத்தவர் போர்த்த இடம் இருக்கும். வாய் திறக்கத் தேவையில்லாத வேலை என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பதினைந்து வருடமாகச் செய்து வந்தேன்.

எங்கள் ஆட்கள் சுவாமி என்று சொல்கிற எங்கள் பங்குப் பாதர் ஓர் ஐரிஷ்காரர். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வருத்தம் உள்ளவர். அவர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்ததும், அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று முதலில் வந்து கேட்டவர்கள் நாங்கள் அல்ல, சீக்கியர்கள். அதற்குக் காரணம் இருந்தது.

முந்திய குளிர்காலத்தில் குருத்வாராவின் சமையலறையில் தண்ணீர்க் குழாய் வெடித்து, தரை எல்லாம் பெயர்ந்துபோனது. அங்கே யார் வந்தாலும் சாப்பாடு கொடுப்பார்கள். லங்கர் என்று பெயர். அது ஒரு நாளும் நிற்கக் கூடாது. விஷயம் கேள்விப்பட்டதும் பாதர் காலை இழுத்து இழுத்து நடந்துபோய், எங்கள் மண்டபத்துச் சமையலறையின் திறப்புக் கொத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அதோடு விடவில்லை. அவர்கள் சமைக்கிற இடத்துக்குள் இறைச்சி, முட்டை, மது எதுவும் வரக் கூடாது என்று தானாகவே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார். நான்கு மாதம் அப்படியே போனது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, வைக்கிற விருந்தில் வான்கோழி இல்லை. எங்கள் ஒளிவிழாவுக்கு மட்டன் ரோல்ஸ் இல்லை. கேக்கில்கூட முட்டை இல்லை.

எங்கள் ஆட்களுக்குக் கோபம். "ரோல்ஸ் இல்லாத ஒளிவிழாவோ? சுவாமி எங்களை மரக்கறிக்காரர் ஆக்கிப்போட்டுத்தான் பென்ஷன் எடுப்பார் போல கிடக்கு" என்று தமிழ்க் குழுத் தலைவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.  எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பாதர் மட்டும், தானும் இப்போது காலையில் சொசேஜ் சாப்பிடுவதில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

விமானச் சாப்பாடு ஏற்றும் ஒரே வண்டியில் என்னோடு பதினொரு வருடமாக வேலை செய்கிற சீக்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டவர். "பாய், உன்னுடைய பாதரைக் கூட்டிவருவது உன் பொறுப்பு" என்றார்; அவர் பாஷையில் பாய் என்றால் சகோதரன். ஒழுங்குகளைக் கேட்டுக்கொள்ள, முதல் நாள் சனிக்கிழமை என்னைக் குருத்வாராவின் சமையலறைக்கு அழைத்துப் போனார். அங்கே பேச்சும் வேலையும் ஒன்றாகத்தான் நடக்கும். என் கையிலும் ஒரு கத்தியைக் கொடுத்து வெங்காயம் வெட்ட வைத்தார்கள்.

வெட்டிக்கொண்டிருக்கும்போதே வாக்குவாதம் தொடங்கியது. பாதருக்கு அவர்கள் போடப்போவது சிரோபா என்கிற செம்மஞ்சள் துணி. நீளமாக, சால்வை போல இருக்கும். அதைக் கொடுக்கக் கூடாது என்று வெண்தாடி வைத்த ஒரு முதியவர் பிடிவாதமாக நின்றார். பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கமிட்டிச் செயலாளராக இருந்த பெண்மணி கொடுக்கத்தான் வேண்டும் என்றார். பஞ்சாபியும் ஆங்கிலமும் கலந்து பறந்தன. எனக்குப் புரியாததை நண்பர் காதுக்குள் சொன்னார்.

செயலாளர் சொன்னது இதுதான். எங்கள் வேதநூலுக்குள்ளேயே இந்து அடியார்களும் முஸ்லிம் அடியார்களும் பாடியவை இருக்கின்றன. அவற்றுக்கும் சேர்த்துத்தான் தினமும் தலைவணங்குகிறோம். பிறகு ஒரு கிறிஸ்தவப் பாதருக்கு ஒரு துணி போடுவதில் என்ன யோசனை?

முதியவர் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "மகளே, நீ பிறக்க முதலே எனக்கு அது தெரியும். நான் அவருடைய மதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தத் துணி கமிட்டி கொடுக்கிற சாமான் இல்லை, குருவின் சந்நிதியிலிருந்து வருவது. போன தேர்தலுக்கு வந்தவருக்குப் போட்டோமே, என்ன நடந்தது? படம் எடுத்ததும் கழற்றினார். அதைச் சப்பாத்து வைக்கிற தட்டில் விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார். எடுத்து மடித்து வைத்தது நான். நன்றி சொல்ல வேண்டுமா, ஒரு பெட்டி லட்டு அனுப்புங்கள். போதும்."

என் நண்பருக்கோ இரண்டு பக்கமும் பிடிக்கவில்லை. சேவை செய்கிறவனுக்கு அந்தச் சேவையே கூலி, அதற்கு மேல் துணி எதற்கு, அவரைக் கூப்பிட்டு எங்களோடு தரையில் இருத்திச் சாப்பாடு கொடுத்தால் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்றார்.

கடைசியில் செயலாளரின் பக்கம் வென்றது. முதியவர் இரண்டு விஷயம் மட்டும் சொன்னார். பாதரைக் குனிந்து வணங்கும்படி யாரும் கேட்கக் கூடாது, அவருடைய ஆட்கள் அவரைக் குறை சொல்ல நாங்கள் காரணமாகக் கூடாது. அடுத்தது, சிரோபா என்றால் என்னவென்று அவருக்கு முதலே விளங்கப்படுத்த வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அன்று பின்னேரமே பாதரிடம் போய்ச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தலையை மூட வேண்டும், சந்நிதிக்கு முன் கால் நீட்டக் கூடாது. எல்லாம் சொன்னேன். துணியைப் பற்றி மட்டும், "கடைசியில் ஒரு சால்வை போடுவார்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொன்னாடை விஷயத்தில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நண்பரே பாதருக்குத் தலையில் கைக்குட்டை கட்டிவிட்டார். பெரிய மண்டபம். முன்னால் உயர்ந்த இடத்தில் அவர்களுடைய வேதநூல் மட்டும்தான்; அவர்களுக்கு அதுதான் குரு. மற்ற எல்லோரும் தரையில். குனியும்படி யாரும் கேட்கவில்லை. பாதர் தானாகவே கைகூப்பி நின்று, தலையை மெதுவாகத் தாழ்த்தினார். ஓரத்தில் வயதானவர்களுக்குக் கதிரைகள் இருந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தார்.

பாட்டும் வேண்டுதலும் முடிந்து அவரை அழைத்தார்கள். முழங்கால் மடங்கியவரால் தனியாக எழும்ப முடியாது. நான் பின்னால் நின்று கைகொடுத்து எழுப்பி, முன்னால் நடத்திக்கொண்டு போனேன். வேதநூலை வாசிப்பவர் அந்தச் செம்மஞ்சள் துணியை எடுத்து, பாதரின் கழுத்தைச் சுற்றிப் போட்டார். நாலைந்து பேர் படம் எடுத்தார்கள். செயலாளர் கையில் எதையோ ஏந்திக்கொண்டு பாதரை நோக்கி வந்தார்.

அவ்வளவுதான். நான் பின்னால் நிற்கிறேன், போர்த்தியாகிவிட்டது, படம் எடுத்தாகிவிட்டது, அடுத்த ஆள் வருகிறார். பதினைந்து வருடப் பழக்கம். என் கை போய்த் துணியைப் பாதரின் கழுத்திலிருந்து எடுத்து, நாலாக மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டது.

படம் எடுத்தவர்கள் கையைத் தாழ்த்தினார்கள்.  நடந்து வந்த செயலாளர் அப்படியே நின்றார். அவர் கையில் இருந்தது இன்னொரு பொன்னாடை அல்ல, சட்டம் போட்ட ஒரு படம். என் நண்பரைப் பார்த்தேன். அவர் நெற்றியில் கை வைத்திருந்தார். என்ன பிழை என்று அப்போதுகூட எனக்கு முழுதாக விளங்கவில்லை. பிழை என்று மட்டும் தெரிந்தது.

முன்வரிசையில் இருந்து அந்த முதியவர் எழும்பினார்.  முதல் நாள் அவர் சொன்னதெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் எது நடக்கும் என்று பயந்தாரோ அதைச் சந்நிதிக்கு முன்னாலேயே நான் செய்துவிட்டேன். பழி பாதருக்குப் போகும். நான்கு மாதம் அவர் எங்கள் ஆட்களிடம் ஏச்சு வாங்கியது எல்லாம் என் ஒரு கையால் வீண்.

முதியவர் மெதுவாக வந்து என் முன்னால் நின்றார். இரண்டு கையையும் நீட்டினார். துணியைக் கொடுத்தேன். அவர் அதை விரித்து, தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பாதரின் கழுத்தில் தானே போட்டார். இரண்டு முனையையும் நேராக இழுத்துவிட்டு, நெஞ்சில் தட்டிச் சரிசெய்தார். பிறகு சபையைப் பார்த்துப் பஞ்சாபியில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

கீழே லங்கருக்குப் போகிற படியில் மனைவி பிடித்துக்கொண்டார். "இஞ்சாருங்கோ, உங்களை ஆர் அதைக் கழட்டச் சொன்னது?"

"கை தன்பாட்டிலை போயிட்டுதப்பா."

"போனது போகட்டும். வைச்ச இடத்தைப் பாருங்கோ. கமக்கட்டுக்கை! நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிப்போட்டன். உங்களோடை வந்த ஆள் எண்டு தெரியக் கூடாது எண்டு."

சாப்பிட இருந்தபோது முதியவர் என் பக்கத்திலேயே வந்து தரையில் இருந்தார்.  எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். அவர் ஆவலாகக் கேட்டார்.

"ஒரு ஆளுக்கு எத்தனை போடுவீர்கள்?"

"போன விழாவில் பதினொன்று."

"ஒரே ஆளுக்கா? அவருக்கு அவ்வளவு குளிரா?"

"ஒவ்வொரு குடும்பமும் போட வேண்டும். இல்லாவிட்டால் மனஸ்தாபம்."

"பிறகு அந்தப் பதினொன்றும் எங்கே போகும்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. விருந்தினர் ஒன்றிரண்டைக் கொண்டுபோவார், மிச்சம் ஒரு பையில் மேடைக்குக் கீழே கிடக்கும், அடுத்த விழாவுக்கு அதையே எடுத்து வேறொருவருக்குப் போர்த்துவோம் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பருப்புக் கிண்ணம் ஆடியது. சிரித்து முடித்த பிறகு, மேலே சபையில் என்ன சொன்னார் என்று கேட்டேன். "கொடுக்க வேண்டாம் என்ற என் கையாலும் இந்தத் துணி போக வேண்டும் என்று குரு நினைத்திருக்கிறார் போல" என்று சொன்னாராம்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ கழற்றியதை நான் பார்க்கவில்லை. பாதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி போனதும் அவருடைய கை கழுத்துக்குப் போய்த் தேடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இல்லை என்றதும் முகம் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது."

நான் எதிரே பார்த்தேன். பாதர் முழங்காலைத் தடவிக்கொண்டு, நண்பரோடு பேசியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துணியின் ஒரு முனை பருப்பில் படாமல் இடது கையால் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

அவரைக் காரில் ஆலயத்துக்குக் கொண்டுவந்து விட்டபோதும் துணி கழுத்தில்தான் இருந்தது. கறுப்புக் கோட்டுக்கு மேல் பளிச்சென்று தெரிந்தது. பின்னேரப் பூசைக்குக் கதிரை அடுக்க வந்திருந்த எங்கள் தலைவர் வாசலில் நின்றார். பாதர் உள்ளே போனதும் என்னைப் பார்த்து, "என்ன ஐசே, சுவாமி மதம் மாறிட்டாரோ?" என்றார்.

வழக்கமாக இப்படி யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அன்று என்னவோ, நின்றேன்.

"இல்லை அண்ணை. நாங்கள் நாலு மாதம் ரோல்ஸ் சாப்பிடாமல் இருந்ததுக்குக் குடுத்தவை. அதிலை உங்கட பங்கும் கிடக்கு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பாதர் போன கதவைப் பார்த்தார். கதிரை அடுக்கப் போய்விட்டார்.

பாதர் இப்போது தன் ஊரில், ஓய்வு பெற்ற குருமார் இல்லத்தில் இருக்கிறார். போன நத்தாருக்கு அனுப்பிய படத்தில், அவருடைய கதிரையின் முதுகில் அந்தச் செம்மஞ்சள் துணி தொங்கியது. நான் இன்னும் எங்கள் மேடையில் பின்னால்தான் நிற்கிறேன். ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தியதும் என் கை பழக்கத்தில் எழும்பும், ஆனால் உடனே நீட்டுவதில்லை. போட்டது அந்த மனிதருக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று, கழுத்தைத் தடவித் தேடிய அந்தக் கைதான் எனக்கு இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.